முற்றத்தை மூடாதீர்கள்: தெரு வீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யும் தவறுகள்

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வரிசை வீடுகளில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஜன்னல் வைக்க இடமே இல்லை. திண்ணை, ரேழி, கூடம் என்று கொல்லைவரை நீளும் வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் தருவது முற்றம். புதுப்பிக்கிறவர்கள் முதலில் மூடுவதும் அதைத்தான்.

நாங்களும் மூடினோம். ஐப்பசி மழையில் தாழ்வாரம் முழுக்கச் சாரல், போதாததற்குக் குரங்குத் தொல்லை. "ஷீட் போட்டுடலாம் சார், பளிச்சுனு இருக்கும்" என்றார் மேஸ்திரி. பாலிகார்பனேட் ஷீட்டை இடைவெளியே இல்லாமல் பொருத்தினார்கள். பளிச்சென்றுதான் இருந்தது, சித்திரை பிறக்கும்வரை. அதன் பிறகு பகல் பதினோரு மணிக்கு மேல் கூடத்தில் உட்கார முடியவில்லை. முன்பெல்லாம் முற்றம் வழியே மேலேறிப் போன அனல் ஷீட்டுக்கடியில் தேங்கி நின்றது. கடைசியில் ஷீட்டைக் கழற்றி, இரண்டடி உயர்த்திப் போட்டு, நாலு பக்கமும் கம்பி வலை அடித்தோம். சாரல் கொஞ்சம் விழுகிறது. துடைத்துக்கொள்கிறோம்.

ஏசிக்குப் பணம் ஒதுக்கும் முன் மாடியைப் பாருங்கள். பக்கச் சுவர்களில் வெயில் படாததால் சூடு பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான் இறங்குகிறது. மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் தேக்குக் கட்டைமேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகினால், அதன்மேல் கான்கிரீட் கொட்டிவிடாதீர்கள். கட்டைகள் அந்தப் பாரத்துக்குப் போட்டவையல்ல. மேலே பதித்த தட்டோட்டைப் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு மறுபடி பதிப்பதே சரி. ஓட்டு வீடென்றால் இருட்டான அறைக்கு மேல் இரண்டு கண்ணாடி ஓடு போதும்.

சுவர் வழுவழுப்பாக வேண்டுமென்று சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசுவது இன்னொரு வினை. வண்டல் மண்ணின் ஈரம் பழைய சுவரில் ஓதமாக ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரத்தால் உப்பு பூத்துப் பெயிண்ட் பொரியும். பிறகு வருஷா வருஷம் பெயிண்டருக்குப் படியளக்க வேண்டியதுதான்.

பொதுச்சுவரைக் குடையும் முன் பக்கத்து வீட்டாரிடம் பேசிவிடுங்கள். அவர்கள் வீட்டு உத்தரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும்.

சோலாருக்கு 2024 முதல் மத்திய அரசு மானியம் உண்டு: 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அந்த ஆசையில் பேனல் ஸ்டாண்டைச் சுண்ணாம்புத் தளத்தில் முடுக்கிவிடக் கூடாது. சுமை சுவரில் இறங்க வேண்டும், பலத்த காற்றிலும் பிடி விடக் கூடாது. 2018 கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி 30 வாட் சுமாருக்கு ஓடும். முதலில் அதை மாற்றினால் சிறிய சோலாரே போதும்.

எளிமையான வீடு என்று சொல்லிக்கொண்டு சுவர் முழுக்க பிளைவுட் அலமாரி அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கரையானுக்கு விருந்து. இந்தச் சுவர்களில் ஏற்கெனவே அலமாரியும் மாடமும் இருக்கின்றன. எங்கள் விளக்கு மாடத்தில் மகன் வைஃபை ரவுட்டரை வைத்துவிட்டான். அம்மா கார்த்திகைக்கு அதன் பக்கத்திலேயே அகலை வைக்கிறார்.