மலைச் சரிவில் புதர் அகற்றுதல்: பெக்கோவில் பிரஷ் கட்டர் பூட்டி வேலை செய்யும் முறை

மலையகத்தில் கைவிடப்பட்ட தேயிலை மலைகளை மானாப்புல்லும் கினிப்புல்லும் உண்ணிச்செடியும் ஆளுயரத்துக்கு மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் துப்புரவாக்க, செயினில் ஓடும் மண்தோண்டும் இயந்திரமான பெக்கோ வந்து இறங்கியதும், வழமையாகப் பக்கெட்டால் எல்லாவற்றையும் வேரோடு வழித்துத் தள்ளிவிடுகிறார்கள். வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்; ஆனால் பிடிமானம் இழந்த மேல்மண் அடுத்த பெருமழையிலேயே கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், இறங்கிவிடும். பக்கெட்டுக்குப் பதிலாகப் பெக்கோவின் கையில் பூட்டும், சுழலும் தகடு கொண்ட பிரஷ் கட்டரோ தண்டை மட்டும் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. சரிவான நிலத்துக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

முதற்படி: நிலத்தை நடந்து பார்த்தல்

காலத்தை முதலில் தீர்மானியுங்கள். ஹட்டன், தலவாக்கலை போன்ற மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்வதால், ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே வசதியானது. பதுளை, பண்டாரவளைப் பக்கமாயின் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிலம் காய்ந்திருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் நிலம் எந்த வலயத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டறியுங்கள். நிலத்தில் புதிய வெடிப்புகள், சாய்ந்த மரங்கள், திடீரென ஊறும் கலங்கல் நீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அங்கே இயந்திரத்தை ஏற்றக் கூடாது.

பிறகு கத்தியோடு உள்ளே நடந்து, கல், அடிக்கட்டை, தண்ணீர்க் குழாய், பழைய கான் ஆகியவை இருக்கும் இடங்களில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். குளவிக்கூட்டைத் தேடிப் பார்ப்பது மிக அவசியம்; இயந்திரத்தின் இரைச்சலில் குளவி கலைந்தால் பக்கத்து மலையில் கொழுந்து பறிப்பவர்களே முதலில் கொட்டு வாங்குவார்கள். அந்தத் தோட்டத்தில் பல காலம் வேலை செய்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பண்டாரவளைப் பக்கம் ஒரு மலையில், "தம்பி, அங்கிட்டு முன்னாடி வேலி இருந்துச்சு, பாத்துப் போங்க" என்று ஒரு பெரியவர் சொன்னதை நான் அரைக்காதோடு கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். சிறிது நேரத்திலேயே துருப்பிடித்த முள்கம்பி சுழல்தண்டில் நூற்கண்டு போலச் சுற்றிக்கொண்டது. அதைக் குறட்டால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க அரை நாள் போனது.

இரண்டாம் படி: கட்டரைப் பூட்டுதல்

கல் உடைக்கும் பிரேக்கர் பூட்டிய பெக்கோவில் மேலதிக ஹைட்ரோலிக் லைன் (அழுத்தத்தில் எண்ணெய் செல்லும் குழாய்) இருக்கும் என்றாலும், அது மட்டும் போதாது. கட்டருக்கு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் எண்ணெய், எவ்வளவு அழுத்தத்தில் தேவை என்பதைக் கட்டரின் கையேட்டில் பார்த்து, பெக்கோ கொடுக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். எண்ணெய் குறைந்தால் தகடு மெதுவாகச் சுழன்று தண்டை அறுக்காமல் கிழிக்கும். கூடினால் மோட்டார் கெடும். பிஸ்டன் மோட்டார் உள்ள கட்டர்களில் இரண்டு தடித்த ஹோஸ்களோடு மெல்லிய மூன்றாவது ஹோஸ் ஒன்றும் வரும். கேஸ் டிரெயின் எனப்படும் அதனை நேரடியாக எண்ணெய்த் தாங்கிக்கே இணைக்க வேண்டும். அது அடைபட்டால் மோட்டாரின் சீல் பிதுங்கி எண்ணெய் கொட்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இணைப்பு முனைகளைப் பூட்டுமுன் சுத்தமான துணியால் துடையுங்கள். கெபினின் முன்புறத்தில் தடித்த பொலிகார்பனேட் கண்ணாடி இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம்.

மூன்றாம் படி: வெட்டுதல்

சுழலும் தகடு கல்லை வெகுதூரம் எறியும். பல கையேடுகள் சுற்றிலும் 90 மீற்றருக்குள் எவரும் நிற்கக் கூடாது என்கின்றன. சரிவில் கல் உருண்டும் போகும் என்பதால், கீழே லயன் வீடுகளோ பாதையோ இருந்தால் அங்கே ஓர் ஆளை நிறுத்தி மறியுங்கள்.

பழைய தோட்டப் பாதை போன்ற சமதளத்தில் பெக்கோவை நிறுத்தி, செயின்கள் விளிம்புக்குச் செங்குத்தாகவும் அவற்றை ஓட்டும் பற்சக்கரம் பின்புறமாகவும் இருக்குமாறு வையுங்கள். விளிம்பு இளகினால் உடனே பின்வாங்க முடியும். பெக்கோவின் கையை முழுதாக நீட்டியபடி பள்ளத்துப் பக்கம் வேகமாகத் திருப்புவதே இயந்திரம் கவிழ வழி. எஞ்சின் வேகம் குறைவாக இருக்கும்போது கட்டரை ஓட விட்டு, படிப்படியாகக் கூட்டி, முழு வேகம் வந்த பின்னரே செடியில் தொடுங்கள். புல்லை நிலத்திலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீற்றர் உயரத்தில் பக்கவாட்டாக வீசி அறுக்கலாம். புதரை உச்சியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கி அரைக்க வேண்டும். மோட்டாரின் சத்தம் கம்மினால் அழுத்தாமல் சற்றுத் தூக்கி, வேகம் மீண்ட பிறகு இறக்குங்கள். கையேடு அனுமதிக்கும் தடிப்பை மீறிய மரத்தைச் செயின்சோவுக்கு விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நிறுத்திய பின்

கட்டரை நிலத்தில் இறக்கி, தகடு முற்றாக நின்றதும் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகே அருகில் போக வேண்டும். கத்திகளில் வெடிப்பு உண்டா, நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். ஒரு கத்தி உடைந்தால் எதிர்க் கத்தியையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் எடை குலைந்து இயந்திரம் முழுதும் அதிரும். எண்ணெய்க் கசிவை ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

வெட்டிய தழையை எரிக்காமல் அப்படியே விடுங்கள்; மழைத்துளி மண்ணில் நேரே விழாமல் அது தாங்கிக்கொள்ளும். வேர் மிஞ்சியிருப்பதால் கினிப்புல் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். பூத்து விதை உதிர்க்குமுன் மறுபடி அறுக்க வேண்டும். அந்த இரண்டாம் வெட்டுக்குப் பெக்கோ தேவையில்லை. தோளில் மாட்டும் புல்வெட்டியும் இரண்டு ஆட்களும் போதும்.