மோட்டார்ஹோம் பின்னாடி இழுக்குற காருல லைட் ஒழுங்கா எரியலையா? இப்படி தேடுங்க

மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கிக்கிற வீடு மாதிரி வண்டி) பின்னாடி டோ பார்னு சொல்ற இழுவைக் கம்பி போட்டு, நாலு சக்கரமும் ரோட்டுல உருள காரை இழுத்துட்டுப் போறவங்களுக்கு அடிக்கடி வர்ற தலைவலி இந்த லைட் வயரிங் தான். லெஃப்ட் இண்டிகேட்டர் வரலன்னு தெரிஞ்சதும் நேரா பல்பைக் கழட்டாதீங்க. கார் சாவியைப் போட்டு காரோட சொந்த சுவிட்சுலயே இண்டிகேட்டர், பிரேக், பார்க் லைட் மூணையும் போட்டுப் பாருங்க. எல்லாம் எரிஞ்சா பல்பு நல்லாருக்கு, கோளாறு இழுக்குறதுக்காக போட்ட வயரிங்ல இருக்கு. ஆனா டெயில் லைட்டுக்குள்ள இழுவைக்குன்னே தனி பல்பு போட்டிருக்கீங்கன்னா இந்த டெஸ்ட் எதையும் சொல்லாது, அந்த பல்பைத் தனியா தான் பாக்கணும்.

அடுத்தது மொத்த வயரிங்கையும் மூணு துண்டா பிரிச்சுக்கோங்க. மோட்டார்ஹோமோட சாக்கெட் வரைக்கும் ஒண்ணு, நடுவுல தொங்குற கேபிள் ஒண்ணு, கார் பக்கம் ஒண்ணு. எந்தத் துண்டுன்னு தெரியாம வயரை வெட்டி ஒட்ட ஆரம்பிச்சா ஒரு கோளாறு மூணா ஆகும், அவ்வளவு தான் லாபம். ரெண்டு வண்டிக்கும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கட்டை வச்சுட்டு ஆரம்பிங்க.

கேபிளைக் கழட்டிட்டு மோட்டார்ஹோம் சாக்கெட்ல டெஸ்ட் லாம்ப் (கரண்ட் வந்தா எரியுற சின்ன விளக்கு) வைங்க. லாம்போட கிளிப்பை வண்டி சேசிஸ்ல (அடிச்சட்டத்துல) மாட்டாதீங்க, சாக்கெட்டோட எர்த் பின்லயே, அதாவது கரண்ட் திரும்பிப் போற பின்லயே மாட்டுங்க, அப்போ தான் எர்த்தும் சேர்ந்து டெஸ்ட் ஆகும். உள்ள ஒருத்தர் லெஃப்ட், ரைட், பிரேக், பார்க்னு ஒவ்வொண்ணா போட போட நீங்க பின் பின்னா தொடுங்க. எதுலயும் எரியலன்னா கிளிப்பை மட்டும் சேசிஸ்ல சுத்தமான இரும்புக்கு மாத்துங்க, இப்போ எரிஞ்சா சாக்கெட்டோட எர்த் வயர் போச்சுன்னு அர்த்தம், வேற எங்கயும் தேட வேணாம். அப்பவும் எரியலன்னா ஃப்யூஸைப் பாருங்க, நிறைய மோட்டார்ஹோம்ல இழுவை லைட்டுக்குன்னு தனி ஃப்யூஸ், தனி ரிலே (கரண்டால தானா வேலை செய்யுற சுவிட்ச்) இருக்கும், அதனால தான் மோட்டார்ஹோமோட சொந்த டெயில் லைட் பளிச்சுன்னு எரியும் ஆனா சாக்கெட்ல ஒண்ணுமே வராது.

சாக்கெட் சரின்னா கேபிளை மாட்டி அதோட அடுத்த முனைல இதே டெஸ்ட். அங்கயும் சரின்னா கோளாறு கார் பக்கம். கார் பக்கத்தைத் தனியா பாக்க ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும், நெகட்டிவை எர்த் பின்ல கொடுத்து, பாசிட்டிவ்ல 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு சேர்த்து லைட் பின்களை மட்டும் தொட்டுப் பாருங்க, பிரேக் யூனிட்டுக்கு (இழுக்கும்போது காரோட பிரேக்கைப் போடுற கருவி) போற பின் இருந்தா அதைத் தொடாதீங்க.

இப்போ எர்த் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா விசித்திரமா தெரியுற கோளாறுல முக்காவாசி இங்க தான் இருக்கும். லெஃப்ட் போட்டா ரெண்டு பக்கமும் மங்கலா மினுக்குதா, பிரேக் மிதிச்சா பார்க் லைட் அணையுதா, ஒவ்வொண்ணா போட்டா எரியுது ஆனா சேர்த்துப் போட்டா சொதப்புதா, இதெல்லாம் எர்த் கோளாறோட முகம். கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லன்னா அது அடுத்த ஃபிலமெண்ட் (பல்புக்குள்ள இருக்கிற இழை) வழியா புகுந்து போகப் பாக்கும், அதனால சம்பந்தமே இல்லாத பல்பு எரியும். பெயிண்ட் மேலயே ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்திருப்பாங்க, இல்ல துரு ஏறியிருக்கும், சுரண்டி பளபளன்னு இரும்பு தெரிஞ்சதும் இறுக்குங்க. டோ பார் வழியாவே எர்த் வந்துடும்னு எர்த் வயரைப் போடாம விட்டுடாதீங்க, அந்த மூட்டுல கிரீஸும் துருவும் தான் இருக்கும், நின்னா எரியும் ஓடுனா அணையும்.

மல்டிமீட்டர் வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க. லைட் எரியாதப்ப 12 வோல்ட் காட்டுதுன்னு நம்பக்கூடாது, ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருக்கிற வயர்கூட லோடு (கரண்ட் இழுக்குற பல்பு) இல்லாதப்ப முழு வோல்ட்டையும் காட்டும். எல்லா லைட்டையும் எரிய விட்டு, மீட்டரோட ஒரு முனையை கார் பல்போட எர்த்லயும் இன்னொண்ணை மோட்டார்ஹோமோட எர்த்லயும் வைங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, அரை வோல்ட் தாண்டுனா எர்த் லைன்ல எங்கயோ அடைப்பு இருக்கு, ஒவ்வொரு ஜாயிண்ட்டா பின்னாடி வந்துட்டே இருங்க, சட்டுன்னு வோல்ட் குறையுற இடம் தான் குற்றவாளி.

வயர் கலர் விஷயத்துல ஏமாந்துடாதீங்க. வட அமெரிக்காவுல சாதா 4 பின் டிரெய்லர் வயரிங்ல வெள்ளை எர்த், பிரவுன் பார்க் லைட், மஞ்சள் லெஃப்ட், பச்சை ரைட். ஆனா ஆர்வி (மோட்டார்ஹோம் மாதிரி வண்டிங்க) பக்கம் புழங்குற 7 பின் கலர் முறைல பச்சை தான் பார்க் லைட், சிவப்பு லெஃப்ட், பிரவுன் ரைட். ஆக பச்சைக்குப் பச்சை, பிரவுனுக்குப் பிரவுன்னு சேர்த்தா பார்க் லைட்டும் ரைட் இண்டிகேட்டரும் இடம் மாறி நிக்கும். கலரை நம்பாம டெஸ்ட் லாம்ப் சொல்றதை நம்புங்க.

இன்னொரு இடம், காருல பிரேக்கும் இண்டிகேட்டரும் தனித்தனி பல்பா, ஒரே பல்பான்னு பாருங்க. 4 பின் லைன்ல பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே வயர்ல தான் வரும். மோட்டார்ஹோம் தனித்தனியா அனுப்புற வகைன்னா நடுவுல ரெண்டையும் ஒரே வயர்ல சேர்த்துக் கொடுக்குற கன்வெர்ட்டர் வேணும், அது இருந்தும் வேலை செய்யலன்னா அதோட பவர் வயரும் எர்த்தும் முழுசா வருதான்னு மொதல்ல பாருங்க, சில கன்வெர்ட்டர் ஷார்ட் ஆனா தானா நின்னுடும், ஷார்ட்டை சரி பண்ணி பவரைக் கழட்டி மாட்டுனா தான் திரும்ப வரும்.

காரோட சொந்த வயர்லயே சேர்த்திருந்தா டயோடு கட்டாயம் இருக்கணும். டயோடு ஒரு வழிக் கதவு மாதிரி, மோட்டார்ஹோம்ல இருந்து வர்ற கரண்ட் பல்புக்கு மட்டும் போகும், காரோட எலக்ட்ரானிக்ஸுக்குள்ள திரும்பி ஏறாது. இழுக்கும்போது கார் டேஷ்போர்டுல விளக்கு தானா எரிஞ்சா டயோடு போடல, இல்லன்னா அது ஷார்ட் ஆகிடுச்சு. ஒரு பக்கம் காரோட சொந்த சுவிட்சுல எரியுது, இழுக்கும்போது மட்டும் எரியலன்னா டயோடுக்கு முன்னாடியும் பின்னாடியும் தொட்டுப் பாருங்க, உள்ள வருது வெளிய வரலன்னா மாத்திடுங்க. லைட்டையெல்லாம் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துற புது காருல சொந்த வயரை வெட்டாம தனி பல்பு கிட் போடுறது தான் என் கணக்குக்கு நல்லது, ஆயுசுக்கும் நிம்மதி.

பலரைக் குழப்புற ஒண்ணு இருக்கு. காருக்குள்ள பெடலை மிதிக்கிற பிரேக் யூனிட் வச்சிருந்தா, அது மிதிச்ச உடனே காரோட சொந்த பிரேக் சுவிட்ச் வழியாவும் கரண்ட் வரும். அப்போ மோட்டார்ஹோம் லெஃப்ட் இண்டிகேட்டர் விட்டு விட்டு அனுப்பினாலும் காருல அந்த பல்பு அணையாம நின்னு எரியும், பின்னாடி வர்றவருக்கு நீங்க திரும்பப் போறது தெரியவே தெரியாது. இழுக்கும்போது பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு எரியுற காருல தான் இது வரும். வழி, இழுக்கும்போது காரோட பிரேக் சுவிட்ச் லைனை துண்டிக்கிற ரிலேயோ சுவிட்சோ போடுறது. கையால போடுற சுவிட்சுன்னா காரைத் தனியா ஓட்டும்போது மறக்காம திரும்ப ஆன் பண்ணணும், இல்லன்னா பிரேக் லைட்டே இல்லாம ரோட்டுல போவீங்க, அதனால ரிலே தான் மேல்.

நின்னா நல்லாருக்கு, ஓடும்போது போகுதுன்னா கேபிளைப் பாருங்க. முழுசா வளைச்சுத் திருப்பும்போது இழுபடாத நீளம் வேணும், ஆனா ரோட்டுல உரசக்கூடாது. பிளக்கை மாட்டி கையால ஆட்டிக்கிட்டே லைட்டைப் பாருங்க, மினுக்குனா பின் தளர்ந்திருக்கு. பச்சை பூத்த பின்னைச் சுத்தம் பண்ணி டைஎலக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் புகாம காக்குற, கரண்ட் கடத்தாத கிரீஸ்) தடவுங்க. மாட்டுன உடனே ஃப்யூஸ் போச்சுன்னா பம்பர் ஓரத்துல, டோ பார் மடங்குற இடத்துல வயர் நசுங்கியிருக்கும், பெரிய ஃப்யூஸ் போட்டு சமாளிக்கப் பாக்காதீங்க, வயர் தீப்பிடிக்கும். வயரைக் கடிச்சுப் பிடிக்கிற கிளிப் கனெக்டர் வெளிப்பக்கம் வேணாம், தண்ணி புகுந்துடும், சுருங்குற உறையோட வர்ற கனெக்டர் போடுங்க.

எல்லாம் முடிச்சதும் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துட்டு விட்டுடாதீங்க. பார்க் லைட் போட்டு, பிரேக்கை மிதிச்சுப் பிடிச்சு, அதே நேரம் லெஃப்ட் இண்டிகேட்டர், அப்புறம் ரைட் போட்டுப் பாருங்க, பிரேக் யூனிட் இருந்தா அதையும் மிதிக்க விட்டு. அரைகுறை எர்த் முழு லோடுல தான் மாட்டும்.