வெளிநாடு கிளம்புறவங்க பேப்பர் விஷயத்துல பண்ற தப்புங்க: மலைய விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுங்க

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்னு எங்க நீலகிரி மலைல நர்ஸிங் முடிச்ச பொண்ணுங்க ஜெர்மனிக்கும், பசங்க துபாய், சவுதி, கத்தாருக்கும் கிளம்புறது இப்ப சகஜமாயிடுச்சு. இவங்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் குடுக்குற வேலைல இருக்கேன், அதனால சொல்றேன், நல்லா படிச்சு இன்டர்வியூவும் பாஸ் பண்ண பிள்ளைங்க கடைசில மாட்டிக்கிறது பேப்பர்லதான். இங்க இருக்கும்போது ஒரு நாள் லீவு போட்டு கீழ கோயம்புத்தூர் போய் முடிக்கிற வேலைய, அங்க போனப்புறம் அம்மா அப்பாவ அலைய விட்டு மாசக்கணக்குல இழுத்தடிக்கிறாங்க, பாக்கவே மனசு கேக்க மாட்டேங்குது.

மொதல் தப்பு பேர்ல. நமக்கெல்லாம் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட மொத எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். ஹட்டில, அதாவது படுகர் கிராமத்துல, இருந்து வர்ற படுகர் வீட்டுப் பிள்ளைங்களுக்கும் இதே கதைதான். ஆனா பாஸ்போர்ட் ஃபார்ம்ல இனிஷியல் போட விட மாட்டாங்க, விரிச்சு எழுதணும். அப்பா பேர சர்நேம் கட்டத்துல போடறதா, நம்ம பேர் பின்னாடியே சேத்து எழுதறதா, இல்ல சர்நேம காலியா விட்டுடறதான்னு அந்த நேரத்துல எதோ ஒண்ணு பண்ணிடறாங்க. காலியா விட்டா என்ன ஆகும்னா, அமெரிக்க விசால இருக்கிற ஒரே பேர சர்நேமா எடுத்துக்கிட்டு, மொதல் பேர் தெரியலன்னு எஃப்.என்.யு. போட்டு வரும், அப்புறம் அங்க லைசென்ஸ், பேங்க், சம்பளச் சீட்டுன்னு எல்லாத்துலயும் அது ஒட்டிக்கிட்டே வரும். யு.ஏ.இ.ல 2022 நவம்பர்ல ஒத்தப் பேர் பாஸ்போர்ட் வெச்சிருந்தா விசிட் விசால உள்ள விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க, பின்னாடிதான் பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேர் இருந்தா ஏத்துக்கலாம்னு கொஞ்சம் தளர்த்துனாங்க. அதனால மொத தடவ அப்ளை பண்ணும்போதே உங்க பேரு கிவன் நேம்ல, அப்பா பேரு சர்நேம்ல, முழுசா, ரெண்டு கட்டத்தையும் நிரப்பிடுங்க.

ஸ்பெல்லிங் இன்னொரு தலைவலி. லக்ஷ்மின்னு பேரு, பத்தாவது மார்க் ஷீட்ல எக்ஸ் போட்டிருக்கு, ஆதார்ல கே.எஸ்.ஹெச்., நர்ஸிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன்ல வேற மாதிரி. நம்ம காதுக்கு மூணும் ஒண்ணுதான், விசா ஆபீஸ்ல பாக்குறவருக்கு மூணு பேரு. எல்லாரும் ஈஸியா இருக்குன்னு ஆதார மொதல்ல மாத்த ஓடறாங்க, அதுதான் தப்பு. பத்தாவது மார்க் ஷீட்டயும் பர்த் சர்டிபிகேட்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா மத்த எல்லாத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி கொண்டு வாங்க. ஆதார்ல பேர வாழ்நாள்ல 2 தடவதான் மாத்த முடியும், பிறந்த தேதி ஒரே ஒரு தடவ, அவசரப்பட்டு அத வீணாக்கிடாதீங்க. கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்த, கல்யாணம் ஆயிடுச்சுங்கறதுக்காக பாஸ்போர்ட்ல பேர மாத்தியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. டிகிரி, கவுன்சில் எல்லாம் அப்பா பேர்ல இருக்கும்போது பாஸ்போர்ட்ல மட்டும் வீட்டுக்காரர் பேர சேத்துட்டு அப்புறம் ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அலையாதீங்க, மாமியார் வீட்ல யாராவது சொன்னா இத எடுத்துச் சொல்லுங்க.

அடுத்தது நம்ம மலைக்கே உரிய தப்பு, லேமினேஷன். தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன் மாசம் மழ புடிச்சா பீரோக்குள்ள இருக்கிற துணியே பூஞ்ச புடிக்குது, சர்டிபிகேட் எம்மாத்திரம். அந்தப் பயத்துல அம்மா அப்பா ஆசையா மார்க் ஷீட், டிகிரி எல்லாத்தையும் லேமினேட் பண்ணி வெச்சுடறாங்க. ஆனா வெளிநாட்டுக்கு அட்டஸ்டேஷன், அதாவது சர்டிபிகேட் உண்மையானதுன்னு அரசாங்கம் சான்று குடுக்குறது, பண்ணும்போது ஒரிஜினலோட பின்பக்கத்துலதான் சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, பிளாஸ்டிக் மேல அது எதுவும் நிக்காது. உரிச்சுடலாம்னு அயர்ன் பாக்ஸ் வெச்சு சூடு காட்டி ஓரத்துல பிளேடு விட்டு இழுத்தா, பிளாஸ்டிக்கோட சேந்து காகிதத்தோட மேல் தோல் வந்துடும், மொதல்ல போறது ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் சீலும்தான். அப்படி ஆயிட்டா ஸ்கூல் மூலமா சென்னைல இருக்கிற அரசுத் தேர்வுகள் இயக்ககத்துல டூப்ளிகேட் கேட்டு எழுதிப் போட்டுட்டு காத்திருக்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் கவர் இருக்கிற ஃபைல் வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு உள்ள போட்டு, காத்துப் புகாத டப்பால வைங்க, போதும்.

அட்டஸ்டேஷன்னு சொன்னேன்ல, எல்லா நாட்டுக்கும் ஒரே முறை கிடையாது. அப்போஸ்டில்னா ஒரே ஒரு முத்திரைய ஒப்பந்தத்துல இருக்கிற மத்த நாடுகளும் ஏத்துக்கற முறை. இந்தியா 2005ல இருந்து அந்த ஒப்பந்தத்துல இருக்கு, சவுதி 2022ல வந்துச்சு, கனடாவுக்கு 2024 ஜனவரில இருந்து நடைமுறை. யு.ஏ.இ., கத்தார், குவைத் அதுல இல்ல, அதுக்கெல்லாம் மாநில அரசு, டெல்லி வெளியுறவுத்துறை, அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம்னு படிப்படியா போகணும். ஜெர்மனி ஒப்பந்தத்துல இருந்தாலும் இந்தியாவோட அப்போஸ்டில ஏத்துக்கறதில்ல, இது தெரியாம ஏஜென்ட் சொன்னார்னு காசு கட்டி ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்து நிக்கிறவங்க உண்டு. காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்தந்த தூதரக வெப்சைட்ல என்ன கேக்குறாங்கன்னு பாத்துடுங்க, ப்ரொவிஷனல் (தற்காலிக) சர்டிபிகேட்ட வெச்சு ஓட்டிடலாம்னு நெனைக்காம யுனிவர்சிட்டில கான்வகேஷன் சர்டிபிகேட் கேட்டு சீக்கிரமே அப்ளை பண்ணிடுங்க.

பர்த் சர்டிபிகேட் எங்க பொறந்தமோ அங்கதான் பதிவாகியிருக்கும், வீடு எங்கங்கறது கணக்கில்ல. கோத்தகிரிக்காரங்க பாதிப் பேர் பிரசவத்துக்கு கீழ கோயம்புத்தூர் போனவங்க, கூடலூர்க்காரங்க கேரளாவுக்கே போயிருப்பாங்க, அத இங்க உள்ளாட்சி ஆபீஸ்ல போய்க் கேட்டா எப்படி கிடைக்கும். சில சர்டிபிகேட்ல தேதி இருக்கும், குழந்தை பேரு இருக்காது, அதையும் பாத்துக்கோங்க. பொறப்பே பதிவாகலன்னா ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ் வரைக்கும் போகணும், அதுக்கு டைம் ஆகும். கல்யாணத்தையும் 90 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க, மண்டபத்துல எடுத்த ஆல்பத்த வெச்சு ஸ்பௌஸ் விசா தர மாட்டாங்க.

வளைகுடா நாடுகளுக்குப் போற பசங்க பாஸ்போர்ட்ல ஈ.சி.ஆர்.னு, அதாவது எமிகிரேஷன் செக் ரிக்வயர்டுன்னு, இருக்கான்னு பாருங்க. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தும் அப்ளை பண்ணும்போது மார்க் ஷீட் காட்டாம விட்டா அப்படி வந்துடும். ஈ.சி.ஆர். இருந்தா 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ்ங்கற அரசு அனுமதி வேணும். விசிட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க தம்பி. அந்த கிளியரன்ஸ் வழியா போறவங்களுக்கு 10 லட்ச ரூபா பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸ் இருக்கு, 2 வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாதான், விசிட் விசால போய் சம்பாதிக்கிறவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு ஒண்ணும் வராது. ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதுக்கு மேல கேட்டா ரசீது கேளுங்க, ஈ-மைக்ரேட்ங்கற அரசாங்க சைட்ல அவங்க ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கான்னு தேடிப் பாருங்க.

அங்க போனப்புறம் பாஸ்போர்ட் உங்க கைல இருக்கணும். முதலாளி புடிச்சு வெக்கிறது யு.ஏ.இ.லயும் கத்தார்லயும் சட்டப்படி குத்தம். ஊர் சிம்ம ரீசார்ஜ் பண்ணாம விடாதீங்க, 90 நாள் எந்த உபயோகமும் இல்லாம கெடந்தா கட் பண்ணி நம்பர வேற யாருக்காவது குடுத்துடுவாங்க, ஆதார் ஓ.டி.பி., பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அதுக்குதான் வரும். சேவிங்ஸ் அக்கவுண்ட்ட என்.ஆர்.ஓ.வா, அதாவது வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான அக்கவுண்ட்டா, மாத்தச் சொல்லி பேங்க்ல எழுதிக் குடுக்கணும், பழசையே ஓட்டுறது ஃபெமாங்கற அந்நியச் செலாவணி சட்டப்படி தப்பு.

நிலம் வாங்குறதுல இன்னும் பெரிய தப்பு நடக்குது. நாலு காசு சேந்ததும் ஊர்ல ஒரு ஏக்கர் தேயிலத் தோட்டம் வாங்கணும்னுதான் எல்லாருக்கும் ஆச, நியாயமான ஆசதான். ஆனா என்.ஆர்.ஐ.யா இருக்கும்போது விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ உங்க பேர்ல வெல கொடுத்து வாங்க முடியாது. வீடு, ஃபிளாட் வாங்கலாம், அப்பாவோட தோட்டம் வாரிசா வந்தா வெச்சுக்கலாம். தெரியாம கிரயம் பண்ணிட்டு பின்னாடி விக்கப் போகும்போது முழிக்கிறவங்கள நெனச்சா வயிறு எரியுது, அந்தப் பணம் மணல் காத்துல நின்னு சம்பாதிச்சது.

ஊர்ல இருக்கிற சொத்த பாத்துக்க தம்பிக்கோ மாமாவுக்கோ பவர் (உங்களுக்குப் பதிலா செய்யற அதிகாரப் பத்திரம்) குடுக்கறதா இருந்தா, வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு கூரியர் பண்ணாதீங்க. இந்தியத் தூதரகத்துல அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அட்டஸ்ட் வாங்கி அனுப்பணும், அது இங்க வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள பதிவுத்துறைல முத்திரைத் தீர்வ கட்டிடணும். கவர் வந்த தேதியோட அத வாங்கி வெச்சவர் பேரயும் வீட்ல ஒரு நோட்ல எழுதி வெக்கச் சொல்லுங்க.