விளக்கும் கீசரும் கைபேசியில்: ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்துவது எப்படி?

ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது ஆப் எப்படி இருக்கிறது, குரல் கொடுத்தால் கேட்குமா என்பதைத்தான். அதை அப்புறம் பார்க்கலாம். மெயினை அணைத்துவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்து, உங்கள் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நியூட்ரல் ஒயர் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இருக்கிறதா? எந்தக் கருவி வாங்குவது என்பதில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே முடிவாகிவிடும்.

மீதிப் பாதி கீசரைப் பற்றியது. ஆப்பில் விளக்கும் கீசரும் அடுத்தடுத்த பொத்தான்களாக, ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும். ஆனால் ஒன்று 9 வாட், மற்றது 2000 வாட். விளக்கில் தப்பு நடந்தால் அறை இருட்டாகும். கீசரில் தப்பு நடந்தால் ஒயர் உருகும். அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன். விளக்கில் கை பழகிய பிறகு கீசருக்குப் போங்கள்.

படி 1: போர்டுக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண சுவிட்சுக்கு இரண்டு ஒயர் போதும். ஒன்றில் ஃபேஸ், அதாவது மின்சாரம், வரும், மற்றொன்று விளக்குக்குப் போகும். நியூட்ரல் சுவிட்சைத் தொடாமல் நேராக விளக்குக்கே போய்விடும். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படி இல்லை. அதற்குள் ஒரு சின்னக் கணினியும் வைஃபை ரேடியோவும் இருக்கின்றன. விளக்கு அணைந்திருக்கும்போதும் அவை விழித்திருக்க வேண்டும், அதற்குக் கரன்ட் வேண்டும். ஆகவே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கேட்கும்.

போர்டில் பிளக் பாயின்ட்டும் இருந்தால் நல்லது. நியூட்ரல் இல்லாமல் பிளக் வேலை செய்யாது. ஆனால் அந்த நியூட்ரலும் விளக்கின் ஃபேஸும் ஒரே எம்.சி.பி.யின் (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) கீழ் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை இரவல் வாங்கினால் மின் கசிவு கண்டால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. காரணமே தெரியாமல் ட்ரிப் ஆகலாம். அதைவிட மோசம், பின்னாளில் ஒரு எம்.சி.பி.யை மட்டும் அணைத்துவிட்டு நம்பிக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். ஒயரின் நிறத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். கையில் கிடைத்த ஒயரைப் போட்டுவிட்டுப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

நியூட்ரல் இல்லவே இல்லை என்றால், நியூட்ரல் தேவைப்படாத வகை தனியாகக் கிடைக்கிறது. விளக்கு வழியாகவே துளி மின்சாரத்தை ஓடவிட்டு அது உயிர் வாழும். பழைய குண்டு பல்புக்கு அந்தத் துளி உறைக்காது. எல்.ஈ.டி. விளக்கோ அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது கண் சிமிட்டும். விளக்கின் குறுக்கே ஒரு கெபாசிட்டர் போட்டால் நிற்கும். பல நிறுவனங்கள் அதைக் கருவியோடு சேர்த்தே தருகின்றன.

படி 2: விளக்குக்கு ஒயரிங்

இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் கண்ணாடித் தொடுபலகை. மற்றொன்று, பழைய சுவிட்சுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் தீப்பெட்டி அளவு மாட்யூல். நான் மாட்யூல் பக்கம். வீட்டுக்கு வருகிற யாரும் விளக்கு போட என்னிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை, பழைய சுவிட்சைத் தட்டினாலே எரியும்.

மாட்யூலில் பொதுவாக ஐந்து முனைகள் இருக்கும். எல் என்பதில் ஃபேஸ், என் என்பதில் நியூட்ரல், எல் அவுட் என்பதிலிருந்து விளக்குக்கு ஒயர். எஸ்1, எஸ்2 இரண்டும் பழைய சுவிட்சுக்கு. இங்கேதான் புதியவர்கள் மாட்யூலைச் சாகடிக்கிறார்கள். சில மாட்யூல்களில் எஸ் முனைகளுக்கு வெளியிலிருந்து ஃபேஸ் கொடுக்கவே கூடாது. பழைய சுவிட்சில் இருந்த ஃபேஸைக் கழற்றாமல் அப்படியே கொண்டுபோய் இணைத்தால் ஒரு சின்ன சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். வேறு சிலவற்றில் ஃபேஸைச் சுவிட்ச் வழியாகக் கொடுத்தால்தான் வேலையே செய்யும். வீடியோவில் யாரோ செய்தது உங்களுடையதற்குப் பொருந்தாமல் போகலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் உள்ள படத்தைப் பாருங்கள்.

வேலை தொடங்கும் முன் மெயினை அணைத்து, டெஸ்டரால் ஒவ்வொரு ஒயரையும் தொட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், எரிகிற ஒரு பாயின்ட்டில் வைத்து டெஸ்டரே வேலை செய்கிறதா என்று பாருங்கள். முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுங்கள். வந்துவிட்டால் ஸ்குரூ இறுகவில்லை. இதில் ஏதாவது ஒன்று தயக்கமாக இருந்தால் அந்த அரை மணி நேர வேலைக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீதி எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ளலாம்.

படி 3: வைஃபையில் சேர்ப்பது

மெயினைப் போட்டுவிட்டு மாட்யூலின் பொத்தானைச் சுமார் 5 வினாடி அழுத்திப் பிடித்தால் அதன் சிறு விளக்கு வேகமாகச் சிமிட்டும். 'என்னைச் சேர்த்துக்கொள்' என்கிறது. ஆப்பில் புதிய கருவி என்பதைத் தட்டி, வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் சேர்ந்துவிடும்.

சேரவில்லையா? பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான். இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே பேசும், உங்கள் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். ரவுட்டரில் 5-ஐத் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயன்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், கைபேசியைப் போர்டுக்கு அருகில் பிடித்து சிக்னல் எத்தனை கோடு என்று பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் மூடிய மாட்யூலுக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

படி 4: கீசருக்கு முன் ஒரு கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் வரும் வீட்டில் 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13. விளக்குக்கு வாங்கிய மாட்யூலின் முதுகில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். 8.7 அதைவிடக் குறைவுதானே என்று நானும் ஒருமுறை கீசரை அதில் மாட்டினேன். சில வாரங்களில் போர்டு பக்கம் போனால் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. கழற்றிப் பார்த்தால் எல் அவுட் முனையைச் சுற்றி பழுப்பு வளையம். முறுக்கு ஒயரின் நாலைந்து இழைகள் ஸ்குரூவுக்கு வெளியே நின்றிருந்தன. அது மாட்யூலின் குற்றமல்ல, என் கையின் குற்றம். ஒரு விளக்கு அந்தத் தளர்ந்த முனையில் வருடக்கணக்கில் எரிந்திருக்கும், கீசர் மன்னிக்கவில்லை.

எனவே கீசருக்கு 16 ஆம்பியர் வகை, அதிலும் எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டுகிற வகையை வாங்குங்கள். முறுக்கு ஒயர் என்றால் நுனியில் ஃபெரூல் (இழைகளை ஒன்றாகப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு இறுக்குங்கள். 3000 வாட்டைத் தாண்டினால் கான்டாக்டர் என்ற தனிக் கருவி வேண்டும்: ஸ்மார்ட் சுவிட்ச் கான்டாக்டரை மட்டும் இயக்கும், கனமான மின்சாரத்தைக் கான்டாக்டர் சுமக்கும். இது எலெக்ட்ரீஷியன் வேலை. மாட்யூலைக் குளியலறைக்கு வெளியே, நீராவி படாத இடத்தில் வையுங்கள். எர்த் ஒயரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தே ஆக வேண்டும்.

எல்லா ஹீட்டருக்கும் இது பொருந்தாது. 3 லிட்டர் உடனடி கீசர் சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும். அதைத் தொலைவிலிருந்து போட்டு ஒரு பயனும் இல்லை. வாளியில் போடும் இம்மர்ஷன் ராடை மறந்தும் இதில் மாட்டாதீர்கள். சாதாரண ராடில் தானே அணையும் தெர்மோஸ்டாட் இருக்காது. தண்ணீர் இல்லாமல் பழுக்கலாம், வாளியில் யாராவது கையும் வைக்கலாம், தொலைவில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. அதேபோல் புதிதாக மாட்டிய கீசரை, அல்லது பழுது பார்க்கத் தண்ணீரை வடித்த கீசரை, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆப்பில் சேருங்கள்.

படி 5: ஆப்பில் செய்ய வேண்டிய மூன்று அமைப்புகள்

முதலாவது, தானாக அணையும் நேரம். எவ்வளவு வைப்பது? 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் கீசருக்கு ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். 25 லிட்டர் என்றால் சுமார் 30. அதன்மேல் பத்து நிமிடம் கூட்டி வைத்துவிடுங்கள். யார் போட்டாலும், எங்கிருந்து போட்டாலும், மறந்தாலும், அந்த நேரத்தில் அணைந்துவிடும்.

இரண்டாவது, கரன்ட் போய் வந்தால் என்ன நிலை என்ற அமைப்பு. சில மாட்யூல்கள் 'முன்பு இருந்தபடி' அல்லது 'ஆன்' என்று வரும். கீசருக்கு 'ஆஃப்' என்று மாற்றுங்கள். ஊருக்குப் போயிருக்கும்போது கரன்ட் வந்து வந்து போனால் கீசர் தானே எரிய வேண்டாம்.

மூன்றாவது, அட்டவணை. தினமும் ஒரே நேரத்தில் குளிப்பவர்களுக்கு இது போதும். கைபேசியைத் தொடவே வேண்டாம். வெளிப்புற விளக்குகளுக்குச் சூரிய அஸ்தமனத்தை ஒட்டிய அட்டவணை வைக்கலாம். ஆண்டு முழுக்க அதுவே நேரத்தை மாற்றிக்கொள்ளும்.

வாட் காட்டும் வகையை வாங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கீசர் ஓடும்போது ஆப்பில் 1960, 1970 என்று எண் ஆடிக்கொண்டிருக்கும். சட்டென்று 0 ஆகும். தெர்மோஸ்டாட் துண்டித்துவிட்டது, தண்ணீர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். தெருமுனையில் நின்றுகொண்டே அதைப் படிக்கலாம். மாறாக, ஆப் 'ஆஃப்' என்று சொல்லியும் எண் 1960-லேயே நின்றால் ரிலேயின் (மாட்யூலுக்குள் மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் பாகம்) முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. உடனே யாரையாவது விட்டு எம்.சி.பி.யை அணைக்கச் சொல்லுங்கள், அந்த மாட்யூலை மாற்றுங்கள்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் வெளியூரிலிருந்தும் எரியும். மாட்யூல்தான் நிறுவனத்தின் சர்வரோடு எப்போதும் தொடர்பில் இருக்கிறது. உங்கள் கட்டளை அந்த வழியாக வருகிறது. ரவுட்டரில் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை, திறக்கச் சொல்லும் வழிகாட்டியையும் நம்ப வேண்டாம். ஆப் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள்.

அடுத்த சோதனையைப் பலர் செய்வதில்லை. கீசரைப் போட்டுவிட்டு ரவுட்டரை அணைத்துவிடுங்கள். நீங்கள் வைத்த நேரத்தில் கீசர் தானாக அணைகிறதா? அணைந்தால் அந்த நேரக்கணக்கு மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது. அணையாவிட்டால் சர்வரில் இருக்கிறது, இன்டர்நெட் போனால் அதுவும் போச்சு. அப்படியானால் ஆப்பில் கருவியின் சொந்த டைமர் வேறு இடத்தில் இருக்கிறதா என்று தேடி, அதில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தக் கருவியை விளக்குக்கு மாற்றிவிட்டுக் கீசருக்கு வேறு வாங்குவேன்.

கடைசியாக, ஆப்பில் அணைத்துவிட்டுக் கீசரைத் திறக்கவோ ஹோல்டரில் கை வைக்கவோ கூடாது. அட்டவணை நேரம் வந்தாலோ, வீட்டில் வேறொருவர் கைபேசியில் தட்டினாலோ அது மறுபடி உயிர்பெறும். எம்.சி.பி.யை இறக்க வேண்டும். எங்கள் பெட்டியில் கீசரின் எம்.சி.பி.க்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன்: 'தொலைவிலிருந்து எரியும். இதை அணைத்துவிட்டுத் தொடவும்.'