பாலக்காட்டில் வாடகை வீடு தேடுபவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தோ, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டோ, பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் என்ற காரணத்தாலோ வாளையாற்றைக் கடந்து குடிவருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இங்கே வீட்டுக்காரரும் தரகரும் எதிர்வீட்டுப் பெரியவரும் தமிழ் பேசக்கூடும் என்பதால், பொள்ளாச்சியில் வீடு பார்ப்பதைப் போலவே இங்கும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பேச்சு எல்லை தாண்டி வந்துவிடுகிறது. வாடகைச் சீட்டும் மின்கட்டணக் கணக்கும் வாடகைச் சட்டமும் வருவதில்லை. வாயால் பேசி முடித்ததை எல்லாம், உங்களால் படித்துப் புரிந்துகொள்ள முடிந்த ஒரு காகிதத்தில் எழுதி வாங்கும் வரை வீடு முடிந்ததாக எண்ணாதீர்கள்.

வீடு தேட உகந்த காலம் ஏப்ரலும் மே மாதமும். கேரளத்தில் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறப்பதால் அதற்கு முன்பே பலர் வீடு மாற்றுகிறார்கள். அதைவிட முக்கியமான காரணம், பாலக்காட்டு வீடு ஒன்றின் குறைகள் கோடையில்தான் தெரியும். மழைக்காலத்தில் எந்தக் கிணறும் நிறைந்திருக்கும், எந்த மாடியும் குளிர்ந்திருக்கும்.

எந்தப் பகுதி என்பதை வேலைக்குப் போகும் வழியை வைத்து முடிவு செய்யுங்கள். பாலக்காடு ஜங்ஷன் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே ஒலவக்கோட்டில் இருக்கிறது. கோவைக்கு நாள்தோறும் ரயிலில் போய்வருபவர்களுக்கு அந்தப் பக்கமே வசதி. பொள்ளாச்சிப் பாதையில் போகிறவர்களுக்கு டவுன் நிலையத்தின் அருகில் இருப்பது நல்லது. கஞ்சிக்கோட்டு வேலைக்குச் சந்திரநகர் பொருந்தும், ஏனெனில் நெடுஞ்சாலை அருகிலேயே இருக்கிறது. கஞ்சிக்கோட்டிலேயே குடியிருக்கலாமே என்றால் இருக்கலாம். ஆனால் மலையடிவாரத்தை ஒட்டிய வீடுகளின் பக்கம் காட்டு யானைகள் இறங்குவது உண்டு. இரவுப் பணி முடிந்து இருசக்கர வண்டியில் திரும்புகிறவர் இதை அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

கல்பாத்தி, நூரணி முதலிய அக்கிரகாரங்களில் வீடு காலியானால் தமிழர்களுக்கு ஓர் ஈர்ப்பு எழுவது இயல்பு. சுவரோடு சுவர் ஒட்டிய, முன்பக்கம் குறுகிப் பின்னோக்கி நீளும் வீடுகள் அவை. நடு அறைகளுக்கு வெளிச்சம் முற்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். முற்றத்தை அடைத்துக் கூரை போட்ட வீடாக இருந்தால் பகலிலும் விளக்கெரிப்பீர்கள். கல்பாத்தி பாரம்பரியப் பகுதி என்பதால் சொந்தக்காரரே கூட நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. எனவே பின்னால் மாற்றித் தருகிறேன் என்ற வாக்குறுதியை நம்பிப் போகாதீர்கள். ஐப்பசி முடிவில் தேர் ஓடும் நாட்களில் தெருவில் வண்டி நிறுத்த இடமிராது என்பதும், அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு தர மறுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் பார்த்த வீட்டின் சொந்தக்காரர், “வெள்ளத்துக்கு ஒரு குறைவும் இல்லை” என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பதை அறிந்திருந்ததால் பயப்படவில்லை, பயந்திருக்கலாம். கிணறு இருந்தது, ஆனால் மார்ச் கடைசியில் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. இரண்டு மாதம் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குழாய் போட்டு வாங்கினோம். அன்றிலிருந்து, எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் கிணற்றை எட்டிப் பார்க்கிறேன். உறையின் உட்புறத்தில் நீர் நின்ற கறை எத்தனை அடி இறங்கியிருக்கிறது, அடியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கவனிக்கிறேன். கோடையில் என்ன செய்வீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, மேல் மாடியில் குடியிருப்பவரிடம் கேட்பது பயன் தரும். நகரக் குழாயில் மலம்புழை அணையின் நீர் வருகிறது. அந்த இணைப்பு வீட்டுக்கு உண்டா, எந்த நாளில் எத்தனை மணி நேரம் வருகிறது என்பது அடுத்த கேள்வி. கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் குறைந்தது ஏழரை மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. பத்துத் தப்படி நடந்து அளந்துபாருங்கள். சித்தூர், கொழிஞ்ஞாம்பாறை போன்ற கிழக்குப் பகுதிகளில் குடியேறுவதானால் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருக்கக்கூடும். அது நாக்குக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகள் உள்ள வீட்டார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வெயில் இங்கே கேரளம் முழுவதற்கும் பெயர் போனது. மேல்தளத்து வீட்டைப் பகல் மூன்று மணிக்குப் பாருங்கள், மேற்கூரையில் வெயிலை மறைக்கத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். கணவாய் ஊர் ஆதலால் காற்றுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் வீசும். கிழக்கிலோ மேற்கிலோ ஜன்னல் இல்லாத வீட்டில் அந்த வரமும் கிட்டாது.

மின்சாரத்தில்தான் கோவைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே அது கிடையாது. மாதக் கணக்கில் 250 யூனிட்டுக்குள் இருந்தால் படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் உயர்ந்த விகிதம் விழும். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் பக்கத்துக் குடித்தனத்தின் ஏசியால் உங்கள் பங்கும் ஏறும் என்பது இதன் பொருள். ஆகவே தனி மீட்டரைக் கேளுங்கள். மீட்டரின் நுகர்வோர் எண்ணைக் குறித்துக்கொண்டால், முந்தைய குடித்தனக்காரர் பாக்கி வைத்துப் போயிருக்கிறாரா என்பதை மின்வாரியத்தின் இணையப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம்.

தரகரிடம் கூலி எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதை முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள். வீட்டைத் திறந்து காட்டாமல், தான் ராணுவத்தில் வெளியூரில் இருப்பதாகச் சொல்லி டோக்கன் பணம் அனுப்பச் சொல்லும் இணைய விளம்பரக்காரரிடம் பேச்சை நீட்டவே வேண்டாம்.

வாடகைச் சீட்டு பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்படும். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் கூட அதைப் படிக்க முடியாமல், எழுதுபவர் வாசிப்பதைக் கேட்டுத் தலையாட்டிக் கையெழுத்திடுகிறார்கள். கேட்டாலும் சில சொற்கள் ஏமாற்றும். ‘காலாவதி 11 மாதம்’ என்பது நமக்குத் தீர்ந்துபோனது போல ஒலிக்கும், அங்கே அதற்கு ஒப்பந்தம் நீடிக்கும் காலம் என்று பொருள். ‘குடிச்சிக’ என்றால் பாக்கி. முடிந்தால் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு படி தயாரித்து இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பணம் எவ்வளவு, காலி செய்தபின் எத்தனை நாளில் திரும்பும், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, மோட்டார் பழுது யார் பொறுப்பு ஆகிய நான்கும் அதில் இருந்தே ஆக வேண்டும். சம்பளத்தில் வாடகைப்படி பெறுகிறவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டுக்காரரின் பான் எண்ணையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினொரு மாதம் என்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு: ஓராண்டை மிஞ்சும் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தப் பதினொரு மாதம் முடிந்த மறுநாளே சாமானைத் தெருவில் வைக்க முடியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இங்கே செல்லாது. நகரப் பகுதிகளில் கேரளத்தின் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தக்காரரின் உண்மையான தேவை போன்ற காரணங்களைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெற்றால்தான் வெளியேற்ற முடியும். பாக்கி என்றாலும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிப் பதினைந்து நாள் தர வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து விரட்டுவதும் சட்ட விரோதம். இந்தப் பாதுகாப்பைப் பெற வாடகை கொடுத்ததற்குச் சான்று வேண்டும்; ஆகவே வங்கிவழியே கொடுங்கள், ரொக்கமானால் ரசீது கேளுங்கள்.

‘பணயம்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் பக்கத்தில் போக்கியம் அல்லது ஒத்தி என்பதுதான் அது: பெருந்தொகையை ஒருசேரக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கும் பணயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணம் அதற்குப் பின்னால்தான் நிற்கும். வில்லங்கச் சான்றை, இங்கே குடிக்கடச் சான்றிதழ் என்பார்கள், எடுத்துப் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்து தருவதாக இருந்தால் யோசிக்கலாம்.

சாவியை வாங்கும் நாளில், சாமான் இறங்குவதற்கு முன், ஒவ்வோர் அறையையும் சுவர்க் கறைகள் தெரிய வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மின் மீட்டரில் அன்று காட்டும் எண்ணையும் படம்பிடித்து அதோடு அனுப்புங்கள். பிளாஸ்டிக் கழிவை எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கான மாதக் கட்டணத்தை நீங்கள் கொடுப்பதா அவர் கொடுப்பதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.