இலங்கைத் தமிழர் முகாமையும் சேர்த்து ஊருக்காக மனு எழுதுவது எப்படி

பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை. நம்ம குமரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிற ஊர்கள். 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள், ஆனாலும் கோடையில் குழாய் வற்றினால் "முகாமாலதான் தண்ணி பத்தல" என்ற பேச்சு வந்துவிடுகிறது. ஆள் கூடினால் தண்ணீர் பத்தாதுதான், அதை மறைக்க வேண்டாம். அதற்கு நியாயம் கேட்க வேண்டிய இடம் குழாயடி இல்லை.

முதலில் ஆட்களை எண்ணுங்கள். முகாமில் எத்தனை வீடு, ஊரில் எத்தனை வீடு, எத்தனை குழாய், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். முகாம் கணக்கை முகாம் தலைவரிடமே கேளுங்கள், அவர்களை விட்டுவிட்டு அவர்களைப் பற்றி எழுதுவது சரியில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கு ஊருக்கே லாபம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று பேர் வேண்டும். முகாம் பிள்ளைகளால் அந்த எண்ணிக்கை தாண்டுகிறது என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஆசிரியரைக் கேளுங்கள்.

அப்புறம், கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் அதில் உறுப்பினர். முகாமில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை, அதனால் அவர்கள் தெருவிளக்குக்கும் சேர்த்துக் கேட்க உங்களால்தான் முடியும். தயவுசெய்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் உண்டு. உங்கள் ஊர் பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினரிடமும் செயல் அலுவலரிடமும் மனுவைக் கொடுங்கள்.

மனுவில் "முகாம் ஆட்களால்" என்று தொடங்காதீர்கள். "எங்கள் ஊரிலும் முகாமிலுமாக இத்தனை குடும்பம், இத்தனை குழாய், இன்னொரு ஆழ்துளைக் கிணறு வேண்டும்" என்று எழுதி, இரண்டு பக்கத்து ஆட்களும் கையெழுத்துப் போடுங்கள். பெயிண்ட் வேலையில் முகாம் ஆட்கள் கூலியை இறக்கிவிடுகிறார்கள் என்ற வருத்தம் இருந்தால் அதை இதில் கலக்காதீர்கள், குறைத்துக் கொடுக்கிற கான்ட்ராக்டரிடம் இரு தரப்பும் சேர்ந்து ஒரே கூலி கேட்பதுதான் வழி.

ஊரில் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், முகாமிலிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு. ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள், பதில் வரவில்லை என்றால் ரசீதில் உள்ள மனு எண்ணைச் சொல்லி முதல்வரின் உதவி எண் 1100-க்குப் பேசலாம்.