கோலாட்டப் பயிற்சிக்கு ஒரு பேட்டரி ஸ்பீக்கர்: பெட்டியும் நாமே அச்சடிக்கலாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோவிலில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகள் கோலாட்டம் பழகுகிறார்கள். இருபது ஜோடிக் கோல்கள் சேர்ந்து தட்டும்போது கைபேசிப் பாட்டு எங்கே கேட்கப்போகிறது? மண்டபத்தில் பிளக்கும் கிடையாது. அவர்களுக்காகத்தான் இதைச் செய்தேன். சால்டர் பிடிக்கவும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை ஓட்டவும் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம்.

வாங்க வேண்டியவை. 3 அங்குல, 4 ஓம் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, அதே அளவில் பாசிவ் ரேடியேட்டர் (மின் இணைப்பு இல்லாமல், பெட்டிக்குள் இருக்கும் காற்றழுத்தத்தால் அசையும் கூம்பு) ஒன்று, டிபிஏ3118 மோனோ ஆம்ப் பலகை, புளூடூத் பலகை, 18650 லித்தியம் செல் மூன்று, 3எஸ் பிஎம்எஸ் (தொடராக இணைத்த மூன்று செல்லைக் காக்கும் பலகை), 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர். ஸ்டீரியோ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சின்னப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரைத் திணிப்பதைவிட ஒன்றுக்கு நல்ல இடம் கொடுங்கள்.

பெட்டி. உள் அளவு 140 × 100 × 110 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். சுவர் 4 மி.மீ. கனம், உள்ளே இடைவெளி விடாமல் முழுத் திண்மமாக. பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக் வேண்டாம், பெட்ஜி (PETG) பிளாஸ்டிக்கில் அச்சடியுங்கள். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகிவிடும். மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் பெட்டி கோணிவிடும். பெட்ஜிக்கு ஒரு தொல்லை உண்டு, ஈரம் குடிக்கும். நம் ஊர் மழைக்கு இரண்டு நாள் வெளியே கிடந்தாலே அச்சடிக்கும்போது படபடவென்று வெடித்து நூல் நூலாக இழுக்கும். 65 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.

காற்றுக் கசிவு. நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். முதல் பெட்டியில் பாடகியின் குரல் தெளிவாக வந்தது, மேளம் மட்டும் தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. ஆம்ப்பை மாற்றினேன், ஸ்பீக்கரையும் மாற்றினேன். குறை பெட்டியில் இருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. அந்தப் பின்பக்க ஒலி ஓட்டை வழியாக வெளியே வந்தால், முன்பக்கத்துத் தாழ்ந்த ஒலியை அழித்துவிடும். பாசிவ் ரேடியேட்டரும் உள்ளே அழுத்தம் நின்றால்தான் அசையும்.

சோதிப்பது சுலபம். பாசிவ் ரேடியேட்டரை விரல் நுனியால் மெதுவாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே எழும்பும். எழும்பியது அப்படியே நின்றால் பெட்டி சரி. ஓரிரு நொடியில் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. கைபேசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை நடுங்கும். எனக்கு ஸ்விட்ச் துளையிலும் சார்ஜர் துளையிலும் நடுங்கியது, அடிமூலையில் அச்சு அடுக்குகளின் நடுவிலும்தான். துளைகளுக்குச் சிலிக்கோன், உட்சுவர் முழுக்க மெல்லிசாக எபாக்சி ஒரு பூச்சு, பின்மூடிக்கு ஸ்பாஞ்ச் டேப். அப்புறம்தான் தவில் தவிலாகக் கேட்டது.

பேட்டரி. இதில் மட்டும் அவசரம் வேண்டாம். மூன்று செல்லும் ஒரே வகையாக, புதியதாக இருக்கட்டும். இணைக்குமுன் ஒவ்வொன்றின் வோல்ட்டையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் 0.05க்குள் இருக்க வேண்டும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், சூடு உள்ளே போய் செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டை வெல்டு செய்த செல்லாகக் கேட்டு வாங்குங்கள். பிஎம்எஸ் கம்பிகளை 0, 4.2, 8.4, 12.6 வோல்ட் என்ற வரிசையிலேயே பிடியுங்கள்.

2500 மில்லி ஆம்பியர் மணி செல் என்றால் மொத்தம் 28 வாட் மணி அளவு. சராசரியாக 3 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரம் ஓடும்.

கீச்சொலி. ஆம்ப்புக்கும் புளூடூத்துக்கும் ஒரே பேட்டரியிலிருந்து மின்சாரம் போவதால் பாட்டு நின்றதும் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டாக இறக்கிய பிறகு, புளூடூத் பலகைக்கு முன்னால் பி0505எஸ் என்ற சின்ன ஐசோலேட்டரை (இரண்டு பக்க மின்சுற்றையும் தனியாகப் பிரிப்பது) வையுங்கள். சத்தம் போய்விடும்.

பிறகு சேர்த்தது: இதைப் பார்த்துச் செய்த இரண்டு பேர் ஒரே சந்தேகம் கேட்டார்கள். எல்லாம் இணைத்தாயிற்று, செல்களில் வோல்ட் இருக்கிறது, ஆனால் பிஎம்எஸ்ஸிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று. பலகை கெடவில்லை. முதல்முறை இணைக்கும்போது சில பிஎம்எஸ் பூட்டிக்கொள்ளும். சார்ஜரை ஒரு நொடி சொருகி எடுங்கள், திறந்துகொள்ளும். சாதாரண 12 வோல்ட் அடாப்டரை அதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், லித்தியம் சார்ஜர் மட்டும்தான்.